நாற்பத்தாறு

சொன்னது: போகாதே.
போய்ச் சேர்ந்தது: போ.

மண்டபம் வடகரையில்
ஐஸ் கம்பெனி மாடியிலிருந்து ஜெட்டி முனைக்கு
முந்நூறு மீட்டர்.
அதற்குள் இரண்டு எழுத்து
எங்கோ விழுந்துவிட்டன.
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய சேதியை
வைஃபை போனில் பிரிட்டோ கத்தியிருக்கிறான்.
கித்தேரியான் ஜெட்டிப் போனைக் காதிலிருந்து எடுத்து,
மாட்டிவிட்டு,
படகின் கயிற்றை அவிழ்த்திருக்கிறார்.

ஆள் திரும்பியது மறுநாள் மதியம்.
வலை திரும்பவில்லை.
அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, லேப்டாப்பை மேலே வைத்து
காற்றில் போவதையெல்லாம் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நொடிப் பேச்சு ஐம்பது பொட்டலம்.
பத்துத் தொலைந்தால் ஒரு எழுத்து போச்சு.
"டவர் வீக்கு" என்றார் சாத்தையா முதலாளி.
இல்லை, சிக்னல் கொள்ளை கொள்ளையாய் இருந்தது.
ஏலக்கொட்டகையில் நாலு கேமரா,
கணக்குப்பிள்ளை மேலே ஏற்றும் பழைய பில்கள்,
ஐஸ் உடைக்கிற பையன்களின் கிரிக்கெட்,
இவற்றோடு பிரிட்டோவின் தொண்டையும்
ஒரே வாசலில் முண்டிக்கொண்டு.

பேச்சுக்கு நாற்பத்தாறு என்று
போன் முத்திரை குத்தித்தான் அனுப்புகிறது.
மாடிப்படிக்கு அடியில், உப்பேறிய பெட்டிக்குள்
ஒரு சுவிட்ச்,
யாரையும் நம்பாத பிறவி,
வருகிற எண்ணையெல்லாம் அழித்து
பூஜ்யம் எழுதிக்கொண்டிருந்தது.
கூண்டின் எண்ணைக் கரையே அண்ணாந்து பார்க்கும்.
குரலின் எண்ணைப் பார்க்க
ஒரு நாதியில்லை.

நம்பு, என்று எழுதினேன் சுவிட்சுக்கு.
ஒரே ஒரு வரி.

"அப்ப எல்லாத்துக்கும் நாப்பத்தாறு போட்டுரு தாயி.
மொத கேமராவுக்குப் போடு, களவு தாங்கல."
படகு வந்தா மொதல்ல எதை எறக்குவீங்க?
"உசுரு நண்டு. பொறவு றாலு."
கருவாடு?
"அது கெடக்கும், எப்பப் போனா என்ன" என்றவர்
பாதியில் நிறுத்தி என்னை முறைத்தார்.
அதன்பின் கேமராவைப் பற்றிப் பேசவில்லை.
கேமராவுக்கு முப்பத்துநாலு.
பில்களுக்குக் கடைசி வரிசை.
கிரிக்கெட்டுக்கு மிச்சம் மீதி.

பேச்சு வாசலிலும் கூட்டம் சேர்ந்தால்
பேச்சே பேச்சை நெரிக்கும்.
எட்டு அழைப்போடு நிறுத்து என்று எழுதினேன்.
ஒன்பதாவது ஆளுக்கு மணி அடிக்காது.
அது யாராக இருக்கும்,
என்ன சொல்ல வாயெடுத்திருப்பார்,
தெரியாது.
தெரியாமலேயே சேமித்தேன்.

இந்த முத்திரையெல்லாம் காம்பவுண்டுச் சுவர்வரைதான்.
வெளியே இறங்கினால் சீந்த ஆளில்லை.
எல்லை தாண்டிய பிறகு
கையிலிருக்கிற சீட்டுக்கு என்ன மரியாதை என்று
இந்தக் கரைக்கு யாரும் விளக்க வேண்டாம்.

சாயங்காலம், வாடை ஏறியிருந்தது.
கேமரா எல்லாம் ஓடட்டும் என்றேன்.
பையன்களிடம் மேட்ச் போடச் சொன்னேன், சந்தோஷமாகப் போட்டார்கள்.
ஜெட்டி முனையில் போனோடு நின்று
சொல்லுடா பிரிட்டோ என்றேன்.
போகாதே, என்றான்.
போகாதே, போகாதே,
முப்பது தடவை, கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
முப்பதிலும் 'தே' வரை முழுசு.

புது வலைக்குப் பழைய மிதவைகளைக் கட்டிக்கொண்டு
பக்கத்தில் குந்தியிருந்தார் கித்தேரியான்.
ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருப்பார்.
நிமிராமலே சொன்னார்,
"நல்லாக் கேக்குது தாயி.
அன்னைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு."

எந்தச் சொல் என்று
நான் கேட்கவில்லை.
பல்லால் நூலைக் கடித்து
அடுத்த மிதவையை எடுத்தார்.